அப்பாவின் தகர டப்பாவில் நான்கு ரஷ்ய நாணயங்கள்

கேள்வி: என் அப்பா 1981இலிருந்து 1986 வரை மாஸ்கோவில் பொறியியல் படித்தார். போன ஆண்டு தவறிவிட்டார். பீரோவை ஒழுங்குபடுத்தும்போது ஒரு தகர டப்பா கிடைத்தது. உள்ளே நான்கு ரஷ்ய நாணயங்கள். மூன்றை 1985ஆம் ஆண்டுத் தேதி தெரிகிற ரஷ்யச் செய்தித்தாள் துண்டில் சுற்றி வைத்திருந்தார். நான்காவது மட்டும் தனியாக ஒரு சின்ன ஜிப் கவரில் இருந்தது. தெரிந்த நகைக்கடையில் எடை போட்டுப் பார்த்தேன். 1898ஆம் ஆண்டு ரூபிள் 19.87 கிராம். இரண்டு முகங்கள் உள்ள 1913 ரூபிள் 20.01. கொல்லர் சம்மட்டி அடிக்கிற 1924 அரை ரூபிள் 9.96. ஒரு ராணியின் முகம் உள்ள 1771 ரூபிள் 19.62. பழைய நாணயம் வாங்குகிற ஒருவர் 1913ஐப் பார்த்துவிட்டு, “முகம் தட்டையாக இருக்கிறது, போலி. மற்றதும் அப்படித்தான் இருக்கும். வெள்ளி விலைக்கு வேண்டுமானால் மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன்” என்றார். அப்பா 2011இல் பழைய நண்பர்களைப் பார்க்க ஒரு வாரம் மாஸ்கோ போய்வந்தார். எனக்கு விற்கும் எண்ணம் இல்லை. அப்பா ஏமாந்துவிட்டாரா என்று மட்டும் தெரிந்தால் போதும். வீட்டிலேயே சோதித்துப் பார்க்க வழி உண்டா? கறுத்துப்போயிருக்கும் நாணயங்களை விபூதி போட்டுத் தேய்க்கலாமா?

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் அவசரம். தேய்க்காதீர்கள். விபூதி, புளி, பற்பசை, சாம்பல், நகைக்கடைக்காரர் தருகிற திரவம், எதுவும் வேண்டாம். குத்துவிளக்குக்கும் வெள்ளிக் கிண்ணத்துக்கும் செய்கிற வேலை அது. நாணயத்தின் மேல் படிந்திருக்கும் அந்தக் கறுப்பும் சாம்பல் நிறமும் நூறு ஆண்டுகளாகக் காற்றோடு வெள்ளி பழகியதால் வந்தது. அசலா என்று பார்ப்பவர்களுக்கு அது ஒரு சாட்சி. ஒரு முறை தேய்த்தால் சாட்சியும் போய்விடும், மேற்பரப்பில் கீறலும் விழும். இரண்டையும் திருப்பிக் கொண்டுவர முடியாது. உரைகல்லில் தேய்க்கவும் யாருக்கும் அனுமதி கொடுக்காதீர்கள். எடை போட்ட கடையில் தேய்க்காமல் விட்டார்களே, அதற்கே நன்றி சொல்ல வேண்டும்.

இனி நாணயங்களுக்கு வருவோம். ரஷ்ய வெள்ளி ரூபிளைப் பற்றி ஒரே ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. அந்த எண் 18. ஒரு ரூபிளில் இருக்க வேண்டிய தூய வெள்ளி, ஏறக்குறைய 18 கிராம். உங்கள் 1771 ரூபிளில் முகம் உள்ள ராணி, இரண்டாம் கேத்தரின், 1764இல் ரூபிளின் எடையை 24 கிராம் என்று குறைத்தார். அதில் 75 சதவீதம் வெள்ளி, மீதி செம்பு. கணக்குப் போட்டால் 18. நடுவில் அவருடைய மகன் பாவெல் 1797இல் கொஞ்ச காலம் கனமான ரூபிளை அடித்துப் பார்த்தார், ஆனால் அது நிலைக்கவில்லை. அப்புறம் வந்தது 20.73 கிராம் ரூபிள். அதில் 86.8 சதவீதம் வெள்ளி. மறுபடியும் 18. மூன்றாம் அலெக்சாண்டர் காலத்தில், 1886 முதல், 20 கிராம் எடை, 90 சதவீதம் வெள்ளி. அதுவும் 18. ஜார் ஆட்சி போய் சோவியத் ஆட்சி வந்த பிறகு 1924இல் அடித்த வெள்ளி ரூபிளிலும் அதே 18 கிராம்தான். அரை ரூபிளில் 9. ஆட்சிகள் மாறின, எழுத்து முறை மாறியது, நாணயத்தின் முகம் மாறியது. உள்ளே இருக்கிற வெள்ளி மட்டும் 160 ஆண்டுகளாகக் கிட்டத்தட்ட அதே அளவில் இருந்தது. இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த விஷயங்களில் இது ஒன்று.

இதை வைத்துக்கொண்டு உங்கள் நான்கு எடைகளையும் பாருங்கள். 1898க்கு 20 கிராம் இருக்க வேண்டும், 19.87 இருக்கிறது. புழக்கத்தில் தேய்ந்த நாணயத்துக்குச் சரியான எடை. நன்றாகத் தேய்ந்தவை 19.5 வரைகூட இறங்கும். 1913க்கும் 20, உங்களுடையது 20.01. சரி. 1924 அரை ரூபிளுக்கு 10, இருப்பது 9.96. அதுவும் சரி. 1771க்கு 24 கிராம் இருக்க வேண்டும். இருப்பது 19.62. நாலு கிராமுக்கு மேல் காணவில்லை. எவ்வளவு கைமாறித் தேய்ந்தாலும் ஒரு ரூபிள் அவ்வளவு இளைக்காது. நீங்கள் அனுப்பிய படத்தில் ராணியின் கன்னமும் கூந்தல் சுருளும் தேயாமல் அப்படியே நிற்கின்றன. தேயாத நாணயம் எப்படி நாலு கிராம் இழக்கும்? படத்தை இன்னும் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரத்தில், உங்கள் கட்டைவிரல் நகத்துக்குப் பக்கத்தில், வெள்ளைப் பூச்சு போய் லேசான மஞ்சள் தெரிகிறது. அந்த நான்காவது நாணயம் நகல். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

மற்ற மூன்றும் எடையில் தேறிவிட்டன என்பதால் அசல் என்று சொல்லிவிட முடியாது. எடையில் தேறாதது போலி. எடையில் தேறியது அடுத்த பரீட்சைக்குப் போகலாம். இந்த வேலையில் எல்லாச் சோதனையும் இப்படித்தான். ஒன்றில் தோற்றால் கதை முடிந்தது, ஒன்றில் ஜெயித்தால் அடுத்தது.

அடுத்தது தண்ணீர். இதை நீங்கள் சாப்பாட்டு மேசையிலேயே செய்யலாம். 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஒரு கண்ணாடி டம்ளரில் முக்கால் பாகம் சுத்தமான தண்ணீர் ஊற்றித் தராசின் மேல் வையுங்கள். எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். மெல்லிய தையல் நூலில் நாணயத்தைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, மேலிருந்து தண்ணீருக்குள் இறக்குங்கள். நாணயம் முழுவதும் மூழ்க வேண்டும், அடியிலோ பக்கத்திலோ தொடக் கூடாது. ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழிகள் போக ஒரு தடவை மெல்ல ஆட்டிவிடுங்கள். கை ஆடுகிறது என்றால் முழங்கையை இரண்டு தடிமனான புத்தகங்களின் மேல் ஊன்றிக்கொள்ளுங்கள். இப்போது தராசு காட்டுகிற எண்தான், நாணயம் ஒதுக்கிய தண்ணீரின் எடை. நாணயத்தின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் அதன் அடர்த்தி வந்துவிடும்.

90 சதவீத வெள்ளியும் 10 சதவீதச் செம்பும் கலந்த உலோகத்தின் அடர்த்தி 10.3. ஆகவே 20 கிராம் ரூபிள் தண்ணீரில் ஏறக்குறைய 1.94 காட்ட வேண்டும். உங்கள் 1898 கொஞ்சம் தேய்ந்ததால் 1.93. அரை ரூபிள் 0.97. நூலாலும் கைநடுக்கத்தாலும் ஒன்றிரண்டு புள்ளி முன்னே பின்னே வரலாம், பயப்பட வேண்டாம். அதே 20 கிராமில் செம்பு நிக்கல் நாணயம் என்றால் 2.25 காட்டும். பித்தளை என்றால் 2.35 வரும். இந்த வித்தியாசத்தைக் கைநடுக்கம் கொண்டுவர முடியாது. இன்னொரு விதத்திலும் யோசிக்கலாம். அசல் ரூபிளின் அதே விட்டம், அதே தடிமனில் பித்தளையில் செய்தால் எடை பதினாறரை கிராம்தான் வரும். எடையைச் சரிக்கட்ட வேண்டுமானால் தடிமனைக் கூட்ட வேண்டும். அளவு, எடை, தண்ணீர் மூன்றையும் ஒரே நேரத்தில் ஏமாற்றுவது மலிவான உலோகத்தால் முடியாத காரியம். ஈயத்தையும் வெள்ளீயத்தையும் கலந்து அடர்த்தியைக் கிட்டத்தட்டக் கொண்டுவரலாம். ஜார் காலத்திலேயே சந்தையில் தள்ளிவிடுவதற்காக அப்படிக் கள்ள நாணயம் வார்த்தவர்கள் உண்டு. ஆனால் அது மிருதுவான உலோகம், தொட்டால் சோப்பு மாதிரி வழுக்கும், தட்டினால் மரக்கட்டை போல ஒலிக்கும். கையில் எடுத்ததுமே தெரிந்துவிடும்.

சோதனை முடிந்ததும் நாணயத்தைப் பஞ்சால் ஒற்றி எடுங்கள், துடைக்காதீர்கள். நான்காவது நாணயத்தையும் ஒரு தடவை தண்ணீரில் இறக்கிப் பாருங்கள். 2.3 பக்கம் வரும் என்று நினைக்கிறேன். ஒரு தடவை அசலையும் நகலையும் அடுத்தடுத்து இறக்கிப் பார்த்துவிட்டால் அந்த வித்தியாசம் மறக்காது.

தண்ணீர் உலோகத்தைச் சொல்லும், அடித்தது யார் என்று சொல்லாது. இன்று அசல் வெள்ளியிலேயே, சரியான எடையில் போலி செய்கிறார்கள். வெள்ளியின் விலையைவிட நாணயத்தின் விலை பல மடங்கு என்றால் அவர்களுக்குக் கட்டுப்படியாகிறது. இங்கேதான் விளிம்பு உதவிக்கு வருகிறது. நாணயத்தைக் கையில் வாங்கியதும் எல்லோரும் முகத்தைப் பார்ப்பார்கள். நான் விளிம்பைத்தான் முதலில் பார்ப்பேன்.

1898 ரூபிளை நிமிர்த்திப் பிடித்து, விரல்களுக்கு நடுவே மெல்ல உருட்டுங்கள். பக்கச் சுவரில் குழிவாக ரஷ்ய எழுத்துகள் ஓடும். “தூய வெள்ளி 4 ஸலத்னிக் 21 தோல்யா” என்று எழுதியிருக்கிறது. ஸலத்னிக் என்பது பழைய ரஷ்ய எடை, 4.266 கிராம். அதில் 96இல் ஒரு பங்கு தோல்யா. பெருக்கிக் கூட்டிப் பாருங்கள், 17.997 வரும். நான் மேலே சொன்ன 18தான் இது. நாணயமே தன் விளிம்பில் தன் வெள்ளியைச் சொல்லிவிடுகிறது. மலிவான நகல்கள் பலவற்றில் இந்த வரி இருக்காது, வெறும் செங்குத்துக் கோடுகள் மட்டும் இருக்கும். வேறு சிலவற்றில் எழுத்து இருக்கும், ஆனால் பாதி மொட்டையாக, சோப்பில் கீறியது போல இருக்கும். அச்சில் வார்த்த நகலாக இருந்தால், இரண்டு பாதிகள் சேர்ந்த இடத்தில் மெல்லிய தழும்பு ஒன்று விளிம்பைச் சுற்றி ஓடும், அல்லது அந்தத் தழும்பை அரத்தால் ராவிய அடையாளம் இருக்கும்.

வரி முடிகிற இடத்தில் அடைப்புக்குறிக்குள் இரண்டு எழுத்துகள் இருக்கும். நாணயசாலையில் அதற்குப் பொறுப்பாக இருந்த அதிகாரியின் முதலெழுத்துகள் அவை. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நாணயசாலை, பீட்டர் பால் கோட்டைக்குள் இருக்கிறது. 1898இல் அங்கே பொறுப்பில் இருந்தவர் அப்போலோன் கிராஸ்கோஃப். அவருடைய அடையாளம், ஆங்கில ‘ஏ’ போல ஓர் எழுத்து, தலைகீழான ‘எல்’ போல ஓர் எழுத்து. எழுத்துக்குப் பதிலாக ஒற்றை நட்சத்திரம் இருந்தால் அந்த நாணயம் பாரிஸில் அடித்தது. இரட்டை நட்சத்திரம் என்றால் பிரஸ்ஸல்ஸ். அந்த ஆண்டுகளில் ரூபிள் தேவை அவ்வளவு இருந்ததால் வெளிநாட்டு நாணயசாலைகளுக்கும் வேலையைக் கொடுத்தார்கள். 1898க்கு இந்த மூன்றில் எது இருந்தாலும் சரி. நீங்கள் அனுப்பிய விளிம்புப் படத்தில் அந்தக் கவிழ்ந்த ‘எல்’ எனக்குத் தெரிகிறது.

இந்த இரண்டு எழுத்துகள் எவ்வளவு உதவும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளர் ஒருவர் 1904 ரூபிள் ஒன்றைக் கொண்டுவந்தார். 1897, 1898இல் ரூபிளைக் கோடிக்கணக்கில் அடித்தார்கள். 1904 போன்ற ஆண்டுகளிலோ சில ஆயிரங்கள்தான், அதனால் விலை எங்கேயோ போகும். எடை சரி, தண்ணீரில் சரி, முகமும் கழுகும் அப்பழுக்கில்லை. ஏனென்றால் அது அசல் நாணயம்தான். விளிம்பை உருட்டினேன். அடைப்புக்குறிக்குள் முதலெழுத்து ஒரு வட்டம், நடுவே செங்குத்தாக ஒரு கோடு. இரண்டாவது, எண் 3 போல. அது ஃபெலிக்ஸ் ஸலேமான் என்பவரின் அடையாளம். அவர் முத்திரை உள்ள ரூபிள்கள் 1899 முதல் 1901 வரைதான். 1904இல் இருக்க வேண்டியது அலெக்சாண்டர் ரெத்கோவின் ஆங்கில ‘ஏ, பி’ போன்ற எழுத்துகள், பேப்பருக்கு வருகிற ‘பி’. யாரோ 1901ஆம் ஆண்டு ரூபிளை எடுத்து, கடைசி ‘1’க்குப் பக்கத்தில் உலோகத்தைச் சேர்த்து ‘4’ ஆக்கியிருக்கிறார்கள். இருபது மடங்கு லென்ஸில் பார்த்தபோது அந்த ‘4’ன் அடியில் பற்றவைத்த தடம் தெரிந்தது. முகத்தை மாற்றியவர் விளிம்பை மறந்துவிட்டார். பெரியவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அவர் அதற்குக் கொடுத்திருந்த பணம் அப்படி.

1906 முதல் பெரும்பாலும் எலிகும் பாபயான்ட்ஸின் எழுத்துகள் வரும்: திருப்பிப் போட்ட ஆங்கில ‘ஈ’ போல ஒன்று, எண் 6 போல ஒன்று. 1913இல் விக்தர் ஸ்மிர்னோஃப் வருகிறார். அவருடைய இரண்டு எழுத்துகளும் ஆங்கில ‘பி’யும் ‘சி’யும் போலத் தோன்றும், பஸ்ஸுக்கு வருகிற ‘பி’. உங்கள் இரட்டை முக ரூபிளின் விளிம்பில் அதுதான் இருக்க வேண்டும்.

அதைப் பற்றி இப்போது பேசலாம், உங்களுக்கு வியாபாரி சொன்னது எனக்குக் கோபத்தை வரவழைத்தது. 1913 ரூபிள், ரொமானோஃப் வம்சம் ஆட்சிக்கு வந்து 300 ஆண்டு ஆனதற்காக அடித்தது. முன்னால் இருப்பவர் இரண்டாம் நிக்கோலாஸ். பின்னால் மணிமுடியோடு தெரிபவர் 1613இல் அரியணை ஏறிய மிகயீல் ஃபியோதரவிச். ஏறக்குறைய பதினைந்து லட்சம் நாணயங்கள் வெளிவந்தன. அதில் முகம் எடுப்பாக நிற்கிற வகையும் உண்டு, தட்டையாகப் படிந்த வகையும் உண்டு. இரண்டும் அதே நாணயசாலையில் அடித்த அசல்தான், நாணயம் சேர்ப்பவர்கள் இரண்டையும் தனித்தனியாகவே பட்டியலிடுகிறார்கள். தட்டையாக இருக்கிறது என்பதால் போலி என்று சொன்னவருக்கு ஒன்று, இந்த நாணயம் தெரியவில்லை. அல்லது நன்றாகவே தெரிந்திருக்கிறது. போலி என்று சொல்லிவிட்டு அதையே வெள்ளி விலைக்கு வாங்க முன்வருகிறவரிடம் எதையும் கொடுக்காதீர்கள்.

ஆனாலும் இந்த 1913ஐப் படத்தை மட்டும் பார்த்து அசல் என்று நான் எழுதித் தர மாட்டேன். ரஷ்ய ரூபிள்களில் அதிகமாகப் போலி செய்யப்படுகிறவற்றில் இதுவும் ஒன்று. நல்ல போலியை எப்படிச் செய்கிறார்கள் என்றால், ஓர் அசல் நாணயத்தை வைத்து அதிலிருந்து அச்சு எடுக்கிறார்கள். அந்த அசலில் இருந்த சின்னச் சின்ன அடிகள், கீறல்கள், பள்ளங்கள் எல்லாம் அச்சில் ஏறிவிடும். பிறகு அந்த அச்சில் அடிக்கிற ஒவ்வொரு நாணயத்திலும் அதே இடத்தில் அதே பள்ளம் வரும். இரண்டு நாணயங்கள் உலகத்தின் இரண்டு மூலைகளில் ஒரே இடத்தில், ஒரே வடிவத்தில் அடிபட்டிருக்க முடியாது. அதனால் உங்கள் நாணயத்தில் கண்ணுக்குத் தெரிகிற இரண்டு மூன்று அடிகளைக் குறித்துக்கொண்டு, பெரிய ஏல நிறுவனங்கள் வெளியிட்டிருக்கும் 1913 ரூபிள் படங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பொறுமை வேண்டும், ஒரு மாலைப்பொழுது போகும். வேறு எதிலாவது அதே பள்ளம் அதே இடத்தில் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். அப்படி ஒன்றும் இல்லை என்றால் நல்ல செய்தி.

லென்ஸ் இருந்தால், வெறுமையாக இருக்கும் சமதளத்தைப் பாருங்கள். அசல் நாணயத்தில் அந்தத் தளம் இறுக்கமாக, அடித்த விசையில் உலோகம் நகர்ந்த பளபளப்போடு இருக்கும். வார்த்ததில் ஊசி முனை அளவு உருண்டைக் குழிகளோ பருக்களோ இருக்கும். தேய்மானத்தையும் கவனியுங்கள். உண்மையாகப் புழங்கிய நாணயத்தில் மேடுகள் முதலில் மழுங்கும். நிக்கோலாஸின் தாடியும் காதுக்கு மேல் உள்ள முடியும் போய்விட்டிருக்கும், ஆனால் எழுத்துகளுக்கு இடையில் உள்ள பள்ளம் கூர்மையாகவே நிற்கும். மேடும் பள்ளமும் ஒரே மாதிரி மழுங்கியிருந்தால், அது புழங்கித் தேய்ந்ததல்ல, தேய்ந்தது போலவே பிறந்தது. உங்கள் 1898இல் தாடி மழுங்கியிருக்கிறது, எழுத்து நிற்கிறது. அதைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

1898இன் எழுத்திலும் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். முகத்தைச் சுற்றி ஓடும் வாசகத்தில் “பேரரசர்”, “தனியாட்சியாளர்” என்று பொருள்படும் இரண்டு ரஷ்யச் சொற்கள் வரும். இரண்டும் ஒரு தனி எழுத்தில் முடியும்: பஸ்ஸுக்கு வருகிற ஆங்கிலச் சிறிய ‘பி’ போல இருக்கும், தலையில் இடப்பக்கமாக ஒரு சின்னக் கொம்பு நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு ஒலி கிடையாது. புரட்சிக்குப் பிறகு 1918இல் எழுத்துச் சீர்திருத்தம் செய்தபோது சொல்லின் கடைசியில் அதை எழுதுவதை விட்டுவிட்டார்கள். இன்றைய ரஷ்யத்தை மட்டும் அறிந்து நகல் செய்கிறவர்கள் சில சமயம் அந்தக் கொம்பை விட்டுவிடுவார்கள். விளிம்பில் “தூய” என்ற சொல்லும் அப்படித்தான். ஜார் கால ரூபிளில் “சீஸ்தகோ” என்று பழைய எழுத்தில் இருக்கும். சோவியத் 1924இல் அதே சொல்லின் கடைசிக்கு முந்தைய அகரம் ஒகரமாக மாறியிருக்கும். உங்கள் இரண்டு நாணயங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விளிம்பைப் படித்தால் ஒரு நாட்டின் எழுத்து மாறியதை நீங்களே கண்ணால் பார்க்கலாம்.

கொல்லர் நாணயத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரஷ்யர்கள் அதைப் பொல்தின்னிக் என்பார்கள், அரை ரூபிள். 1924 முதல் 1927 வரை அடித்தார்கள். ஏராளமாகப் புழங்கியது, வீடுகளில் சேமித்து வைத்ததும் அதிகம். விளிம்பில் “தூய வெள்ளி 9 கிராம்” என்று இருக்கும், கடைசியில் இரண்டு எழுத்துகள். வாசல் நிலை போல ஒன்றும் கூம்பு போல ஒன்றும் இருந்தால் அது லெனின்கிராதில், அதாவது பழைய பீட்டர்ஸ்பர்க்கில், அடித்தது. டீக்கு வருகிற ஆங்கில ‘டி’யும் பேப்பருக்கு வருகிற ‘பி’யும் போல இருந்தால் இங்கிலாந்தில் அடித்தது, அது 1924இல் மட்டும்தான் உண்டு. 1925, 26, 27இல் அந்த எழுத்துகளோடு யாராவது காட்டினால் வாங்காதீர்கள். உங்களுடையது தண்ணீரில் 0.97 காட்டினால் நான் மேற்கொண்டு சந்தேகப்பட மாட்டேன்.

காந்தத்தைப் பற்றியும் கேட்பீர்கள் என்று தெரியும், எல்லோரும் கேட்பார்கள். ஒட்டினால் போலி, அது நிச்சயம். ஒட்டாவிட்டால் ஒன்றும் தெரியாது, பித்தளையும் செம்பும் கூட ஒட்டாது. ஹால்மார்க் மையங்களில் உள்ள எக்ஸ்ரே கருவி நாணயத்தைக் கெடுக்காமல் வெள்ளி எவ்வளவு என்று சொல்லும், அதைப் போய்ப் பார்க்கலாம். ஆனால் அது மேல்தோலை மட்டும்தான் படிக்கும், கெட்டியாக வெள்ளிப் பூச்சு போட்டதை அசல் என்று சொல்லிவிடும். அதனால் தண்ணீர்ச் சோதனையோடு சேர்த்துத்தான் நம்ப வேண்டும். 90க்குப் பதில் 92, 93 என்று காட்டினால் கவலைப்படாதீர்கள். அடிப்பதற்கு முன் வெள்ளித் தகட்டை அமிலத்தில் வெளுப்பார்கள், அப்போது மேல்தோலில் உள்ள செம்பு கொஞ்சம் கரைந்து போய்விடும். 99.9 என்று காட்டினால்தான் யோசிக்க வேண்டும், அது பூச்சாக இருக்கலாம். துத்தநாகமோ நிக்கலோ கணிசமாகத் தெரிந்தாலும் அப்படித்தான்.

இப்போது நீங்கள் உண்மையில் கேட்ட கேள்வி. அப்பா ஏமாந்துவிட்டாரா?

நீங்கள் ஒரு விஷயத்தைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது. மூன்று நாணயங்கள் 1985ஆம் ஆண்டுச் செய்தித்தாளில் இருந்தன, நான்காவது ஜிப் கவரில் தனியாக இருந்தது. தாளை யார் வேண்டுமானாலும் மாற்றிச் சுற்றலாம், அது சட்டப்படியான சான்று ஆகாது. ஆனால் இது ஒரு மகள் தன் அப்பாவின் பீரோவிலிருந்து எடுத்த டப்பா. அவர் படிக்கும் காலத்தில் கிடைத்த மூன்றையும் அன்றைய தாளிலேயே சுற்றி, அப்படியே கொண்டுவந்து, பிரிக்காமலே வைத்திருந்தார் என்று எடுத்துக்கொள்வதுதான் இயல்பு. இன்று சந்தையில் மலிந்திருக்கும், எடையும் வெள்ளியும் சரியாக உள்ள போலிகளில் பெரும்பாலானவை அதற்குப் பிற்பட்டவை. 1898க்கும் 1924க்கும் இது இன்னும் பலம் சேர்க்கிறது. 1913க்கும் நல்ல அறிகுறி. தண்ணீரும், விளிம்பில் ஸ்மிர்னோஃபின் எழுத்துகளும், அந்தப் பள்ளம் ஒப்பிடுகிற வேலையும் சேர்ந்து வந்தால், பிறகு அனுபவமுள்ள ஒருவரிடம் நேரில் காட்டி உறுதி செய்துகொள்ளலாம். விற்காமல் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் அதற்குக்கூட அவசரம் இல்லை.

நான்காவது, 2011 பயணத்தில் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். ரஷ்யாவில் சுற்றுலாப் பயணிகள் போகும் இடங்களில் கேத்தரின் ரூபிள் நகல்களை நினைவுப் பொருளாக, நகல் என்று சொல்லியே விற்கிறார்கள். அசல் பழைய நாணயத்தை அந்த நாட்டிலிருந்து வெளியே எடுத்துவரக் கட்டுப்பாடுகள் இருப்பதால், தெரிந்தே நகல் வாங்குபவர்களும் உண்டு. உங்கள் அப்பா அங்கே ஐந்து ஆண்டுகள் வாழ்ந்தவர், அந்த மொழி தெரிந்தவர், விலை பேசத் தெரிந்தவர். அந்த நாலாவதை மற்ற மூன்றோடு கலக்காமல் தனிக் கவரில் போட்டு வைத்தாரே, எது எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது போலத்தான் எனக்குத் தோன்றுகிறது.

இனி பாதுகாப்பு. பழைய பிளாஸ்டிக் பைகள் சில, காலப்போக்கில் பசை போல ஒன்றை விட்டு வெள்ளியைப் பச்சையாக்கிவிடும், அதனால் அந்த மூன்றையும் ஜிப் கவரில் போடாதீர்கள். அமிலமில்லாத காகித உறை நாணயம் சேர்ப்பவர்களுக்கான கடைகளில் கிடைக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒன்று. எடுக்கும்போது விளிம்பைப் பிடியுங்கள், முகத்தில் விரல் படக் கூடாது. செய்தித்தாள் துண்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், தனி உறையில் அதே டப்பாவில் இருக்கட்டும். நீங்கள் எடுத்த எடைகளையும் தண்ணீர் எண்களையும் ஒரு காகிதத்தில் எழுதித் தேதி போட்டு உள்ளே வையுங்கள். 1771ஐயும் அதே டப்பாவில் வைத்துக்கொள்ளலாம், அதுவும் அவர் வாங்கியதுதானே. அதன் உறையின் மேல் மட்டும் “நகல்” என்று பேனாவால் எழுதிவிடுங்கள். நாற்பது ஆண்டு கழித்து அந்த டப்பாவைத் திறக்கிறவர் யாரிடமும் போய்க் கேட்க வேண்டியிருக்காது.